மீட்டர் முள் விழுந்தபோது

மோட்டார் சைக்கிள் ரிப்பேருக்கும் வீட்டுப் பெண்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பின் ஸீட்டில் குழந்தையோடு உட்கார்ந்து முந்நூறு கிலோமீட்டர் போய் வந்தவர்கள் கேட்க மாட்டார்கள்!

திருவொற்றியூரில் பாதிப் பேருக்கு மோட்டார் சைக்கிள் பாஷை தெரியும். 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து தொடங்கிய என்ஃபீல்டு தொழிற்சாலை எங்கள் ஊரில்தானே இருந்தது! தெருவுக்கு ஒருவராவது அங்கே வேலை பார்த்தார்கள். என் கணவருக்குத் துறைமுகத்தில் வேலை. எங்களிடம் இருந்தது இரண்டாம் கையாக வாங்கிய பழைய வண்டி.

1986 ஆகஸ்டில் பையனுக்கு டைபாய்டு வந்து குணமான பிறகு, வேண்டிக்கொண்டபடி வேளாங்கண்ணிக்குக் கிளம்பினோம். அவனுக்கு ஏழு வயசு. பஸ்ஸில் கூட்டம் தாங்காது என்று வண்டியிலேயே போனோம். திண்டிவனத்தில் பெட்ரோல் போட்டோம். எத்தனையாவது கிலோமீட்டரில் போட்டோம் என்று வீட்டுக் கணக்கு நோட்டில் நான்தான் எழுதுவேன். அந்த வண்டியில் பெட்ரோல் காட்டும் முள் கிடையாது; இந்த எண்ணை வைத்துத்தான் எல்லாம்.

பாண்டிச்சேரி தாண்டியதும் மீட்டர் முள் ஆட ஆரம்பித்தது. கடலூர் வருவதற்குள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது. எண்களும் நகரவில்லை.

"ஓடற வண்டிக்கு மீட்டர் எதுக்கு? வா, போய்க்கிட்டே இருக்கலாம்" என்றார் அவர்.

"இருட்டின பிறகு சீர்காழிக்கும் காரைக்காலுக்கும் நடுவுல பெட்ரோல் தீர்ந்தா, இவனைத் தூக்கிக்கிட்டு நடக்கப் போறது யாருங்க?" என்றேன். வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

நல்லவேளை நிறுத்தினோம். முன் சக்கரத்துப் பக்கம் கேபிளின் காலர் நட் அதிர்ச்சியில் கழன்று, கேபிள் ஆரக்கம்பிக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அது ஆரத்தில் மாட்டிச் சுற்றியிருந்தால் சக்கரமே பூட்டிக்கொண்டிருக்கும். முள் போனதைவிட அதுதான் என்னை நடுங்க வைத்தது.

இந்த மீட்டர் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். முன் சக்கரத்தோடு சின்ன பினியன் ஒன்று சுற்றும். அதன் துளையில், சடைபோல் முறுக்கிய எஃகுக் கம்பியின் சதுர முனை செருகியிருக்கும். கம்பி சுற்ற, மேலே மீட்டருக்குள் ஒரு காந்தம் சுற்றும். காந்தம் ஒரு அலுமினியக் கிண்ணத்தைத் தொடாமலே இழுக்கும். தலைமுடி மாதிரி மெல்லிய ஸ்பிரிங் அதைத் தடுத்துப் பிடிக்கும். இரண்டும் சமமாகிற இடத்தில் முள் நிற்கும். எண் சக்கரங்களைப் பல்சக்கரங்கள் நகர்த்தும். ஆகவே முள் ஆடி எண் மட்டும் நின்றால் கோளாறு மீட்டருக்குள்ளே. இரண்டும் சேர்ந்து நின்றால் முதலில் கேபிளையும் பினியனையும்தான் பார்க்க வேண்டும்.

அவர் கீழ் முனையை விரலால் வேகமாகத் திருகினார். முள் லேசாகத் துள்ளியது. மீட்டர் நன்றாயிருக்கிறது! முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினோம்; பினியன் துளையும் சுற்றியது. அப்படியானால் கோளாறு இரண்டும் சேருமிடத்தில். பார்த்தால், கம்பியின் சதுர முனை தேய்ந்து உருண்டையாகியிருந்தது. துளைக்குள் வழுக்கிக்கொண்டு சும்மா நின்றிருக்கிறது.

பக்கத்தில் ஒரு சைக்கிள் கடை. என் பையிலிருந்த பவுடர் டப்பாவைக் கொட்டிவிட்டுக் கொடுத்தேன். கடைக்காரர் அதில் நகக்கண் அகலத்துக்குத் தகரம் வெட்டி, முனையைச் சுற்றி மடித்துச் செருகினார். இறுக்கமாகத் திணிக்கக் கூடாது என்றார். சிக்கிக்கொண்டால் கம்பி அறுந்துவிடுமாம். மரை தேய்ந்த நட்டின் மேல் பழைய சைக்கிள் டியூபில் ஒரு நாடா வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றிக் கட்டினார். கூலி வாங்கவில்லை. "மாதா கோயிலுக்குத்தானே போறீங்க" என்றார்.

முள் எழுந்தது. ஆனால் அது சொல்வதை எப்படி நம்புவது? அதற்கு மைல்கல் இருக்கிறதே! கல்லுக்குக் கல் தொண்ணூறு விநாடி ஆனால் வேகம் நாற்பது. அறுபது விநாடி ஆனால் அறுபது. என் கைக்கடிகாரத்தை வைத்துச் சிதம்பரம் வரை பையன்தான் எண்ணினான். காய்ச்சலுக்குப் பிறகு அவன் அவ்வளவு உற்சாகமாகப் பேசியது அன்றைக்குத்தான். முள் கொஞ்சம் ஆடினாலும் எண்கள் கல்லோடு ஒத்து வந்தன. நோட்டைப் பார்த்து, விளக்கு வைப்பதற்குள் சீர்காழியிலேயே டாங்கை நிரப்பிவிட்டோம்.

அந்தத் தகரம் வேளாங்கண்ணி போய், ஊர் திரும்பும் வரை தாங்கியது. எங்கள் தெரு மெக்கானிக் பையன் அதைப் பிரித்துப் பார்த்துச் சிரித்துவிட்டு, புதுக் கம்பி போட்டான்.

"யக்கா, கிரீஸ் லேசாத் தடவணும். மேல அரை அடிக்கு வெக்கவே கூடாது, மீட்டருக்குள்ள ஏறி முள்ளு ஒட்டிக்கும்" என்றான். பழைய கேபிளை நேராக்கிப் பார்த்து, அது எங்கோ ஒடிந்து மடங்கியிருந்ததையும் காட்டினான். புதுசைப் பெரிய வளைவாகத்தான் விட வேண்டுமாம்.

வழியில் எதுவும் சரிப்படவில்லையென்றால் கேபிளை இரண்டு பக்கமும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வதே நல்லது. தொங்கவிட்டு ஓட்டாதீர்கள். சக்கரத்துப் பக்கத் துளையை மட்டும் துணி வைத்துக் கட்டிவிட்டால் மணலும் தண்ணீரும் இறங்காது.

பையன் இப்போது வைத்திருக்கும் வண்டியில் இந்தக் கேபிளே இல்லை. சக்கரத்தில் சென்ஸார், ஒயர் வழியாக எண் வருகிறது. அப்பாவின் பழைய வண்டியையும் அவன் விற்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு வெளியூர் கிளம்பினால், கருவிப் பையில் ஒரு புதுக் கம்பியும் டியூப் நாடாவும் இருக்கின்றனவா என்று நான் திறந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். "செல்போன் இருக்கும்மா, வேகம் அதுலயே தெரியும்" என்பான். சார்ஜ் இருக்கிறதா என்று அதையும் பார்ப்பேன்.