ஹெப்பகோடியில் ஒரு சூடேறிய கார்

சேலம் மார்க்கமாகப் பெங்களூருக்கு வரும் ரயிலில் ஆனேக்கல் சாலை நிலையத்தைக் கடந்ததும் ஹீலலிகே வரும். அங்கே இறங்கி ஹெப்பகோடிக்குச் செல்வது நமக்குப் புதிதன்று. பொம்மசந்திரத் தொழிற்பேட்டையை நம்பி வந்த தர்மபுரி, கிருஷ்ணகிரிக் குடும்பங்கள் அவ்வூரில் நிரம்ப உள்ளன. ஓசூர் சாலைக்கு மேலே, 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடம் ஓடுகிறது. கீழே லாரிகளும் தண்ணீர் வண்டிகளும் முட்டிக்கொண்டு நிற்கின்றன. சென்ற மாதம் நாம் அங்கே சென்றது ஒரு காரைப் பார்ப்பதற்காக.

நண்பர் கடைசல் வேலை செய்பவர். அவருடைய காலஞ்சென்ற தமையனார் ஒரு செல்வர் வீட்டில் ஓட்டுநராக இருந்தவர். அச்செல்வர் ஊரை விட்டுப் போகும்போது பரிசாகக் கொடுத்தது, இருவர் மட்டுமே அமரக்கூடிய சான் ஸ்டார்ம் வண்டி. ரயில் இன்ஜின்கள் செய்யும் பெங்களூர் நிறுவனமொன்றின் வழியில் 1990களின் இறுதியில் பிறந்த ஸ்போர்ட்ஸ் கார் அது. உள்ளிருப்பது 1,149 சி.சி. ரெனோ இன்ஜின், மேற்கூடு ஃபைபர். தமையனாரின் மனைவியை அதில் ஏற்றிக் காவேரிப்பட்டினத்துக்கு ஒருமுறை அழைத்துப் போவதாக நண்பர் வாக்களித்திருந்தார். ஆனால் வண்டியோ ஓடத் தொடங்கிய சிறிது நேரத்தில் சூடேறிவிடும்.

"சார், இன்ஜினைத் திறக்கத்தான் வேண்டுமாம். 60,000 ரூபாய் கேட்கிறார்கள். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்று பார்க்கிறேன்" என்றார். இரும்பு குறைவான வண்டிக்கு அதுவும் கிட்டாதே என்று நாம் சொல்லவில்லை.

ஹெட் காஸ்கெட் போயிருந்தால் சில அடையாளங்கள் இருக்கும். வண்டி நன்கு ஆறியிருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து இன்ஜினை ஓட்டினால் நீரில் இடைவிடாது குமிழ் வரும். எண்ணெய் பால் கலந்தாற்போல வெளுக்கும். இரண்டும் இல்லை. மூடியின் ரப்பர் வளையம் மட்டும் நைந்திருந்தது. ஏறத்தாழ 900 மீட்டர் உயரமுள்ள அவ்வூரில் திறந்த பாத்திரத்து நீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதனாலேயே ரேடியேட்டர் நீர் அதற்கு மேலும் கொதியாமல் தாங்குகிறது. ஆதலால் முதலில் மூடியை மாற்றினோம். முள் அப்படியும் ஏறியது.

பிறகு சாலையையே பரிசோதகராக்கினோம். எலெக்ட்ரானிக் சிட்டியில் தொடங்கும், 2010 ஜனவரியில் திறந்த பத்துக் கிலோமீட்டர் மேம்பாலத்தில் தடையின்றி ஓட்டினோம். முள் மளமளவென்று சிவப்பை நோக்கியது. வேகத்தைத் தணித்து இறங்கிச் சில்க் போர்டு சந்தியின் நெரிசலில் ஊர்ந்தபோது, விசிறி இரைந்து சுழல, முள் கீழே இறங்கியது! நண்பர் திகைத்தார். நெரிசலில் சூடேறினால் விசிறியைச் சந்தேகிக்கலாம். விரைந்து ஓடுகையில் காற்றுத் தானே வந்து மோதுகிறது. அப்போதும் சூடேறினால், இன்ஜின் தரும் மிகுந்த வெப்பத்தைக் கடத்தும் அளவு நீர் ரேடியேட்டருக்குள் ஓடவில்லை என்று பொருள்.

வீடு திரும்பி, இன்ஜினை நிறுத்தி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ரேடியேட்டரைத் தடவினோம். ஓரங்கள் கதகதப்பாக இருக்க, நடுவில் இரண்டு கை அகலம் குளிர்ந்திருந்தது. அடைப்பு!

"இதில் என்ன நீர் ஊற்றுகிறீர்கள்?" என்று கேட்டோம்.

"வீட்டுப் போர் தண்ணீர்தான், சார்."

அவ்வீட்டு அடுப்பில் வெந்நீர் வைக்கும் பாத்திரத்தை எடுத்துக் காட்டினோம். அடியில் சுண்ணாம்பு போல வெண்படிவு. நீராவி இன்ஜின் காலத்தில் இதே படிவுக்கு அஞ்சியே ரயில்வே, கடின நீரை மென்மையாக்கிக் கொதிகலத்தில் ஊற்றியது. அலுவலகத்து மூத்தவர்கள் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம்.

ரேடியேட்டர் பட்டறையில் கழுவிப் பார்த்தும் பயனில்லை. அளவொத்த வேறொன்று 9,000 ரூபாய்க்குப் பொருந்தியது. முன்பு யாரோ கழற்றி எறிந்திருந்த தெர்மோஸ்டாட்டையும் புதிதாகப் போட்டு, கூலண்டைக் காய்ச்சி வடித்த நீருடன் சரிபாதி கலந்து நிரப்பினோம்.

பத்து நாள் கழித்து நண்பர் காவேரிப்பட்டினத்திலிருந்து திரும்பித் தொலைபேசியில் பேசினார். வரும் வழியில் சூளகிரி ஏற்றத்திலும் முள் நடுவை விட்டு அசையவில்லையாம். கூரையைத் திறக்கத்தான் அண்ணியார் கடைசிவரை விடவில்லையாம், தலை கலைந்துவிடுமே!