பங்குக் குதிரையின் ஓராண்டு: பிரிட்டன் லாயங்களில் கூட்டுடைமையும் கைத்திறனும்

பிரிட்டனில் பந்தயக் குதிரை நெடுங்காலம் பிரபுக் குடும்பங்களுக்கும் பெருஞ்செல்வர்களுக்கும் உரிய உடைமையாகவே இருந்துவந்தது. பலர் சிறுசிறு தொகை சேர்த்து ஒரே குதிரையை வாங்கி, அதன் தீவனம், பயிற்சி, மருத்துவம் ஆகிய செலவுகளையும் அது ஈட்டும் பரிசையும் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் கூட்டுடைமை முறை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய பின்னரே, எளிய வருவாயினரும் ஒரு குதிரையைத் தமது என்று சொல்லும் நிலை உருவானது. இத்தகைய குழுவைப் பந்தய உலகினர் சிண்டிகேட் என்பர். இதனின்று வேறுபட்டது பந்தயக் கழகம்; அதன் உறுப்பினர் சந்தா செலுத்திக் குதிரையின் வெற்றி தோல்விகளில் ஒன்றிப்போகிறாரே ஒழிய, குதிரையின் மீது அவருக்கு உடைமை உரிமை இல்லை. 2004ஆம் ஆண்டு குட்வுட் திடலில் நடந்த சசெக்ஸ் ஸ்டேக்ஸ் பந்தயத்தில் ஆண் குதிரைகளை வென்ற சோவியத் சாங் என்னும் பெட்டைக் குதிரை, எலீட் ரேசிங் கிளப் என்ற அத்தகைய கழகத்தின் நிறத்திலேயே ஓடியது.

உடைமையை எத்தனை பங்காகப் பிரித்தாலும் குதிரையின் உடலைப் பிரிக்க இயலாது. அந்த உடலை நாள்தோறும் உருவாக்கிக் காப்பவர்கள், பங்குப் பத்திரத்தில் பெயர் இடம்பெறாத லாயப் பணியாளர்களே. தடைதாண்டும் பந்தயத்தில் ஓடும் பங்குக் குதிரை ஒன்றின் ஓராண்டை மேய்ச்சல் நிலத்திலிருந்து மீண்டும் மேய்ச்சல் நிலம் வரை பின்தொடரும்போது இவ்வுண்மை படிப்படியாகத் தெளிவாகிறது.

இம்முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு தெற்கு வேல்ஸின் நிலக்கரிப் பள்ளத்தாக்கில் தோன்றியது. சுரங்கங்கள் மூடப்பட்டு வேலை அருகிப்போன அப்பகுதியின் கெவன் ஃபாரெஸ்ட் என்னும் ஊரில், தொழிலாளர் மன்றம் ஒன்றின் மதுக்கூடத்தில் பணிபுரிந்த ஜான் வோக்ஸ் என்ற பெண்மணியும் அவர் கணவரும் ரூபெல் என்னும் பெட்டைக் குதிரையை 350 பவுண்டுக்கு வாங்கி, பொலிகுதிரையுடன் சேர்த்து, 2001ஆம் ஆண்டு ஒரு குட்டியைப் பெற்றனர். காய்கறி பயிரிடுவதற்கென வாடகைக்கு விடப்படும் தோட்டத் துண்டில் வளர்ந்த அக்குட்டிக்கு டிரீம் அலையன்ஸ் என்று பெயரிடப்பட்டது. வாரம் 10 பவுண்டு வீதம் செலுத்த ஒப்புக்கொண்ட 23 பேர் சேர்ந்து அமைத்த குழு, அதனைச் சாமர்செட் மாவட்டத்தில் மைன்ஹெட் அருகே பிலிப் ஹாப்ஸ் என்ற பயிற்சியாளரின் லாயத்தில் சேர்த்தது. வாரத்துக்கு 230 பவுண்டு என்னும் இந்தச் சிறு நிதியே ஒரு குதிரையை நாட்டின் முதல்தரத் திடல்களுக்குக் கொண்டுசெல்லும் முயற்சிக்கு அடித்தளமாயிற்று.

தடைதாண்டும் குதிரையின் ஆண்டு, ஓட்டத்தில் அன்றி ஓய்வில் தொடங்குகிறது. ஏப்ரல் இறுதியில் சான்டவுன் திடலில் பருவம் நிறைவடைந்ததும் குதிரைகளின் லாடம் கழற்றப்பட்டு, அவை பசும்புல் வெளியில் விடப்படுகின்றன. குளிர்காலம் முழுதும் தானியம் தின்று இறுகிய உடல் இம்மாதங்களில் தளர்ந்து கொழுப்பேறுகிறது. ஆனால் மூட்டுகளும் தசைநார்களும், தசையை எலும்போடு பிணைக்கும் அந்த வலுவான இழைக்கற்றைகள், ஓராண்டு உழைப்பின் தேய்மானத்திலிருந்து மீள்வதும் அப்போதுதான். ஜூலையில் லாயத்துக்குத் திரும்பும் குதிரை உடனே ஓடவிடப்படுவதில்லை. வாரக்கணக்கில் நடையும் மென்னடை ஓட்டமுமாகவே பயிற்சி அமைகிறது. அவசரப்பட்டு வேகம் ஏற்றினால் தசை விரைந்து வலுப்பெற்றாலும் தசைநார் அதற்கு ஈடுகொடுக்காது அறுந்துவிடும் என்பதை அனுபவம் பயிற்சியாளர்களுக்குக் கற்பித்துள்ளது. பங்குதாரர் மாதந்தோறும் கட்டணம் செலுத்தியும் எந்த ஓட்டத்தையும் காணாத காலம் இது; பொறுமையே கூட்டுடைமையின் முதல் பாடம்.

விடியுமுன் லாயத்துக்குள் நுழைபவர் முதலில் கேட்பது, தீவன வாளியின் ஓசைக்குக் குதிரைகள் கதவை உதைத்து எழுப்பும் ஆரவாரத்தை. முதலில் காண்பது, முள்கரண்டியும் தள்ளுவண்டியுமாகச் சாணத்தையும் ஈரமான வைக்கோலையும் அகற்றும் பணியாளரை. ஒருவர் பொறுப்பில் மூன்று அல்லது நான்கு குதிரைகள் இருப்பது வழக்கம். கொட்டிலைத் துப்புரவு செய்தல், உடலைத் தேய்த்தல், சேணம் கட்டுதல், மேட்டுநிலப் பயிற்சித் தடத்துக்குச் சவாரி செய்தல், திரும்பியதும் கழுவி ஆற்றுதல் ஆகிய அனைத்தும் அவர் வேலையே. தீவனத் தொட்டியில் மிச்சம் இருந்தால் அவர் அதனைப் பயிற்சியாளரிடம் உடனே தெரிவிக்கிறார், ஏனெனில் உண்ணாத குதிரை ஏதோ ஒரு நோவைச் சொல்லாமல் சொல்கிறது. காலில் முழங்காலுக்குக் கீழே உள்ளங்கையை மெல்ல இறக்கி அவர் தேடுவது வெப்பத்தை. தசைநாரில் நுண்ணிய கிழிசல் ஏற்பட்டால், நொண்டல் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அவ்விடத்தில் சிறிது சூடோ வீக்கமோ தோன்றும். அக்குதிரையின் கால் வழக்கமாக எவ்வளவு குளிர்ந்திருக்கும் என்பதை நாள்தோறும் தொட்டறிந்த கைக்கு மட்டுமே அந்தச் சிறு வேறுபாடு புலப்படும். கருவிகள் பெருகிய இக்காலத்திலும் அந்தக் கையறிவுக்கு ஈடான எச்சரிக்கை மணி இல்லை.

இத்திறனுக்கு ஏற்ற ஊதியம் எளிதில் கிட்டவில்லை. 1975ஆம் ஆண்டு, பந்தயக் குதிரைகளின் தலைநகராகிய நியூமார்க்கெட்டில் லாயப் பணியாளர்கள் கூலி உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்து, புகழ்பெற்ற கினிஸ் பந்தயங்கள் நடந்த வேளையில் திடலையே மறித்தனர். பார்வையாளர் சிலரும் ஜாக்கிகளும் அவர்களை எதிர்த்துக் கைகலப்பில் இறங்கிய அந்நிகழ்வுக்குப் பின்னரே அவர்களது நிலை பொதுவெளியில் பேசப்பட்டது. தொழிலாளர் சார்பில் பேசும் தனி அமைப்பும் வடிவுபெற்றது. இன்று ஒவ்வொரு பரிசுத் தொகையிலும் ஒரு சிறு விழுக்காடு லாயத்தின் பொதுநிதிக்குச் சென்று பணியாளர் அனைவருக்கும் பகிரப்படுகிறது. பங்குதாரர் அல்லாத அவர்கள் வெற்றியில் பெறும் பங்கு அதுவே.

இலையுதிர் காலம் நெருங்கும்போது பயிற்சி கடுமையாகிறது. குதிரையை ஒரே தொலைவான ஓட்டத்தில் களைப்பூட்டாமல், குறுகிய மேட்டுத் தடத்தில் பலமுறை ஏறவிட்டு இடையிடையே மூச்சாற விடும் முறையைப் பிரிட்டனில் நிலைநாட்டியவர் 15 முறை சிறந்த பயிற்சியாளர் தகுதி பெற்ற மார்ட்டின் பைப். அவருக்குப் பின் இரத்தப் பரிசோதனையும் எடை அளவீடும் லாயங்களில் அன்றாட வழக்கமாயின. இதே வேளையில் தடைதாண்டும் கலையும் கற்பிக்கப்படுகிறது. முதலில் கீழே விழுந்து வழிவிடும் தாழ்ந்த தட்டிகள். பின்னர் பிர்ச் மரக் கிளைகளை நெருக்கிக் கட்டிய, குறைந்தது நாலரை அடி உயரமுள்ள வேலிகள். லாடம் அடிப்பவர் குளம்பைச் சீவிச் சமன்செய்யும் விதத்தில் ஏற்படும் சிறு பிசகும், உயரத்திலிருந்து தரையிறங்கும்போது ஒற்றைக் காலின் மீது விழும் முழுப் பளுவைத் திசைமாற்றிவிடக் கூடும் என்பதால், அவருடைய வேலை பயிற்சியாளரின் வேலைக்கு எவ்வகையிலும் குறைந்தது அன்று.

பந்தயத்தைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு கணக்குகள் உள்ளன. ஒன்று எடைச்சமன்: குதிரையின் முந்தைய ஓட்டங்களைக் கொண்டு பந்தய ஆட்சிமன்ற அலுவலர் அதற்கு ஒரு மதிப்பெண் வழங்க, மதிப்பெண் மிகுந்த குதிரை கூடுதல் எடையைச் சுமந்து ஓட வேண்டியிருக்கிறது. ஜாக்கியின் எடை போதாதபோது சேணத்தோடு ஈயத்தகடுகள் சேர்க்கப்படுகின்றன. மற்றொன்று தரையின் பதம். மழையில் இளகிய சேற்றுத்தரையில் சிறக்கும் குதிரை, காய்ந்த கடுந்தரையில் கால் வைக்கவே அஞ்சும். எனவே தொலைவிலிருந்து வந்து சேர்ந்த பங்குதாரர்களிடம், பதம் ஒத்துவரவில்லை, குதிரை இன்று ஓடாது என்று சொல்லும் துணிவு பயிற்சியாளருக்கு வேண்டும். அதனை மனக்கசப்பின்றி ஏற்கும் பக்குவம் பங்குதாரருக்கு வேண்டும். குதிரைப் பந்தயம் என்றவுடன் சூதாட்டத்தையே நினைக்கும் தமிழ் வாசகர், சென்னைப் பந்தயக் கழகம் தொடர்பான வழக்கில் இந்திய உச்சநீதிமன்றம் 1996ஆம் ஆண்டு குதிரைப் பந்தயத்தைத் திறன் சார்ந்தது என்று தீர்ப்பளித்ததை நினைவுகூரலாம். அங்கே கருதப்பட்ட திறனில் ஜாக்கியின் திறனோடு குதிரையைப் பழக்கும் திறனும் அடங்கும்.

பந்தய நாளில் பங்குதாரர், பணியாளர் ஆகிய இரு உலகங்களும் அணிவகுப்பு வட்டத்தில் சந்திக்கின்றன. ஓட்டத்துக்கு முன் குதிரைகள் நடத்திக் காட்டப்படும் அவ்வட்டத்தின் நடுவே பங்குதாரர்கள் தம் நல்லாடைகளில் ஜாக்கியோடு நிற்க, குதிரையின் இடப்புறமாக நடந்து அதனை அமைதிப்படுத்திச் செல்பவர் அதன் பணியாளர். பிடரியைப் பின்னி, பின்புறத்தில் சீப்பால் கட்டம் போட்டு மெருகேற்றிய அவருடைய கைவண்ணத்துக்கெனத் தனியே ஒரு சிறு பரிசும் பல திடல்களில் வழங்கப்படுகிறது. ஓட்டம் தொடங்கியபின் பங்குதாரர் வெற்றியை எதிர்நோக்குகிறார். பணியாளரோ குதிரை நான்கு காலில் திரும்பி வருவதை எதிர்நோக்குகிறார். கையில் வெறும் கடிவாளத்தோடு லாயத்துக்குத் திரும்பும் துயரம் இத்தொழிலில் நிகழவே செய்கிறது. அதை மறைத்துவிட்டு இவ்விளையாட்டைப் புகழ்வது நேர்மையாகாது.

டிரீம் அலையன்ஸின் வரலாறு இந்த இரு எதிர்பார்ப்புகளையும் ஒருங்கே காட்டுகிறது. 2007ஆம் ஆண்டு டிசம்பரில் நியூபரி திடலின் ஹென்னஸி கோல்டு கப்பில், அடுத்த ஆண்டு செல்டன்ஹாம் கோல்டு கப்பை வெல்லவிருந்த டென்மனுக்கு அடுத்ததாக அது இரண்டாமிடம் பெற்றது. 2008ஆம் ஆண்டு ஏப்ரலில் எய்ன்ட்ரீ திடலில் ஓடும்போது அதன் முன்காலின் தசைநார் வெட்டுண்டது. அத்தகைய காயம் பட்ட குதிரையைக் கருணைக்கொலை செய்வது அரிதன்று. ஆயினும் குழுவினர் அது ஈட்டிய பரிசுப் பணத்தை அதன் சிகிச்சைக்கே செலவிடத் தீர்மானித்தனர். குதிரையின் எலும்பு மச்சையிலிருந்து எடுக்கும் குருத்தணுக்களை ஆய்வகத்தில் பெருக்கி, காயம்பட்ட தசைநாருக்குள் செலுத்தும் புதிய சிகிச்சை அது. ஆனால் ஊசி போட்டதோடு சிகிச்சை முடிவதில்லை. முதலில் சில நிமிட நடை, பின்னர் சிறிது கூடுதல் நடை எனப் பல மாதங்கள் குதிரையைக் கையில் பிடித்து நடத்துவதே அதன் பெரும்பகுதி. அடங்கியிருக்கப் பழகாத ஓட்டக் குதிரையை அவ்வாறு நடத்துவது வேறெந்த வேலையினும் கடினமானது. ஓராண்டுக்கும் மேற்பட்ட அந்த இடைவெளிக்குப் பின், 2009ஆம் ஆண்டு டிசம்பர் 28 அன்று, செப்ஸ்டோ திடலில் சுமார் ஆறு கிலோமீட்டர் தொலைவுள்ள வெல்ஷ் நேஷனல் பந்தயத்தில், டாம் ஓ'பிரையன் சவாரி செய்ய, டிரீம் அலையன்ஸ் வென்றது. தெற்கு வேல்ஸின் முதன்மையான பந்தயத்தை அம்மண்ணின் தோட்டத் துண்டில் வளர்ந்த குதிரையே வென்றதனால், அது 23 பேரின் வெற்றியாக மட்டும் நின்றுவிடவில்லை.

இளவேனில் வரும்போது கணக்குப் புத்தகம் திறக்கப்படுகிறது. பயிற்சிக் கட்டணம், லாடம், மருத்துவம், நுழைவுத் தொகை, போக்குவரத்து, ஜாக்கியின் ஊதியம் ஆகியவற்றைக் கழித்தபின் பெரும்பாலான பங்குக் குதிரைகளின் கணக்கில் இழப்பே எஞ்சுகிறது. வெல்ஷ் நேஷனல் வென்ற டிரீம் அலையன்ஸ் ஓய்வுபெற்றபோதும், எல்லாச் செலவும் போக உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் கிடைத்தது 1,430 பவுண்டே. ஆகவே கூட்டுடைமையை முதலீடு என்று விளம்பரப்படுத்துவது தவறான வழிகாட்டல். தனித்தனியே எவராலும் தாங்க முடியாத ஒரு பொறுப்பைப் பலர் தோள்கொடுத்துத் தாங்குவதற்கான ஏற்பாடு என்பதே அதற்குப் பொருத்தமான விளக்கம்.

அப்பொறுப்பு கடைசிப் பந்தயத்தோடு தீர்வதில்லை. பத்துப் பன்னிரண்டு வயதில் திடலை விட்டு நீங்கும் குதிரை மேலும் பல ஆண்டுகள் வாழக்கூடியது. அத்தகைய குதிரைகளுக்கு மறுபயிற்சி அளித்துப் புதிய இல்லம் தேடித் தரும் தொண்டு அமைப்பு ஒன்றைப் பிரிட்டனின் பந்தயத்துறை 2000ஆம் ஆண்டில் நிறுவியது. பங்கு சிறிதாயிருப்பதே, குதிரையின் முதுமை யார் பொறுப்பு என்ற கேள்வியைப் பங்குதாரர் ஒவ்வொருவரும் மற்றவரிடம் தள்ளிவிட வழிவகுப்பதால், இதற்கான விடையைக் குழு அமையும் நாளிலேயே ஒப்பந்தத்தில் எழுதிவைக்க வேண்டும். பந்தயக் குதிரையில் பங்கு வாங்க எண்ணுபவர், அதன் தந்தை யார், தாய் யார் என்று கேட்பதற்கு முன், அதன் காலைத் தொட்டுப் பார்க்கும் பணியாளர் என்ன ஊதியம் பெறுகிறார் என்றும், ஓட்டம் ஓய்ந்தபின் அக்குதிரை எந்த மேய்ச்சல் நிலத்தில் நிற்கும் என்றும் கேட்க வேண்டும். இவ்விரண்டுக்கும் தெளிவான விடை கிடைக்கும் லாயத்தில் மட்டுமே பங்கு வாங்குதல் தகும்.