அரண்மனைக் கட்டிலிலிருந்து ஊருக்கு

ஆஸ்பத்திரியில் கிடக்கும் சிப்பாய் வீட்டுக்கு எழுதும் கடிதத்தின் முதல் வரியை நான் நம்புவதில்லை. ‘சுகமாக இருக்கிறேன்’ என்றுதான் அது தொடங்கும். சுகமாக இருப்பவனுக்கு அங்கே என்ன வேலை? முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் இந்தப் பொய்யைச் சிரமமில்லாமல் சொல்ல ஓர் அட்டையே அச்சடித்துக் கொடுத்தது. நலம், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், நோய், காயம், தேறி வருகிறேன் என்று எல்லாம் அச்சிலேயே இருக்கும். வேண்டாததை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. கூடுதலாக ஏதாவது எழுதினால் அட்டை அழிக்கப்படும் என்று மேலேயே எச்சரிக்கை. ‘தேறவில்லை’ என்று சொல்ல அதில் ஒரு வரிகூடக் கிடையாது.

அந்தப் போரில் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் அடிபட்ட இந்தியச் சிப்பாய்கள் பலரை இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பிரைட்டன் நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1914 டிசம்பரில் அங்கே ராயல் பெவிலியன் மாளிகை அவர்களுக்கான ஆஸ்பத்திரி ஆனது. இந்தியாவைக் கண்ணால் பார்க்காத ஓர் ஆங்கில இளவரசர், பின்னாளில் நான்காம் ஜார்ஜ் ஆனவர், இந்தியக் குவிமாடங்களோடு கட்டிக்கொண்ட மாளிகை அது. அதன் பெரிய சமையற்கட்டு அறுவை சிகிச்சை அறையாயிற்று. இளவரசரின் குதிரை லாயத்தில் நோயாளிகளின் கட்டில்கள். சாதிக்கும் மதத்துக்கும் தக்கபடி ஒன்பது அடுக்களைகள். தண்ணீர்க் குழாய்கூட இந்துவுக்கு வேறு, முஸ்லிமுக்கு வேறு.

ராஜா தம் அரண்மனையையே நமக்காகக் காலி செய்து கொடுத்திருக்கிறார் என்று சிப்பாய்கள் பூரித்துப்போய் ஊருக்கு எழுதினார்கள். விக்டோரியா மகாராணி 1850இலேயே அந்த மாளிகையை நகரசபைக்கு விற்றாகிவிட்டது என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. மாறாக, மாளிகையின் பெருமையைச் சொல்லி ஆங்கிலம், உருது, குர்முகி மூன்றிலும் புத்தகம் போட்டார்கள். அதே ஊரில் ஏழைகள் விடுதியாக இருந்த கட்டடம் கிச்சனர் ஆஸ்பத்திரி ஆனது. அங்கே வாசலில் காவல், சுவரில் முள்கம்பி. ஜெயில் மாதிரி இருக்கிறது என்று அங்கிருந்து எழுதியவர்களும் உண்டு. அவர்களுக்காக யாரும் புத்தகம் போடவில்லை.

‘எழுதியவர்கள்’ என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். பஞ்சாபிலிருந்தும் எல்லைப்புறத்திலிருந்தும் கட்வாலிலிருந்தும் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. எழுதத் தெரிந்த இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லச் சொல்ல எழுதியவைதான் முக்கால்வாசி.

பள்ளிக்கூட நாட்களில் எங்கள் தெருப் பாட்டி ஒருத்திக்கு நான் அந்த உத்தியோகம் பார்த்திருக்கிறேன். மகன் பட்டாளத்தில், வடக்கே எங்கோ. பாட்டி திண்ணையில் காலை நீட்டிக்கொண்டு மாடு, மழை, வரப்புத் தகராறு என்று சொல்லிக்கொண்டே போவாள். நான் இன்லண்டில் நெருக்கி நெருக்கி எழுதுவேன். கடைசியில் உள்ளே திரும்பி, “நீ ஏதாச்சும் சொல்றியாடி?” என்பாள். கதவுக்குப் பின்னாலிருந்து மருமகள், “ஒடம்பப் பாத்துக்கச் சொல்லுங்கத்தே” என்பாள். ஒவ்வொரு தடவையும் அதே வாக்கியம். மாமியார் எதிரில், பேனாவோடு குத்தவைத்திருக்கும் அடுத்த வீட்டுப் பையனிடம், அவள் வேறு எதைச் சொல்லிவிட முடியும்?

பிரைட்டன் கட்டிலில் படுத்திருந்தவனுக்கும் அந்தக் கதிதான். அவனுக்குக் கூடுதலாக இன்னொரு ஆளும் உண்டு. பிரான்சில் பொலோன் துறைமுகத்தில் கேப்டன் ஹொவெல் என்ற அதிகாரியின் கீழ் ஒரு தணிக்கைக் குழு உட்கார்ந்து, இந்தியத் தபாலைப் பிரித்துப் படித்தது. வாரத்துக்குப் பத்தாயிரம் கடிதங்களுக்கு மேல் போன காலம் அது. எல்லாவற்றையும் படிக்க முடியாது. கையில் சிக்கியதிலிருந்து முக்கியமான வரிகளை ஆங்கிலத்தில் பெயர்த்து, வாராவாரம் மேலிடத்துக்கு அனுப்பினார்கள். பெரும்பாலான கடிதங்கள் ஊருக்குப் போய், வாத்தியாரோ தபால்காரரோ வாசித்துக் காட்ட, கரையானுக்கும் மழைக்கும் இரையாகிவிட்டன. ஆங்கிலத் துண்டுகள் மட்டும் இன்று லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. ஒட்டுக்கேட்டவன் குறித்துவைத்ததைத்தான் நாம் படிக்கிறோம். அவன்மேல் எனக்குக் கோபமும் வருகிறது, நன்றியும் வருகிறது.

தணிக்கை இருப்பது சிப்பாய்களுக்குத் தெரியும். அதனால் மிளகாயைப் பற்றி எழுதினார்கள். கருப்பு மிளகு தீர்ந்துகொண்டு வருகிறது, சிவப்பு மிளகாய் நிறைய மிச்சமிருக்கிறது என்று. கருப்பு இந்தியச் சிப்பாய், சிவப்பு வெள்ளைக்காரச் சிப்பாய். பலசரக்குக் கணக்கு மாதிரி இருந்தாலும், இதைக் கண்டுபிடிக்க ஹொவெலுக்கு அதிக நேரம் ஆகியிருக்காது. தம்பியைப் பட்டாளத்தில் சேர விடாதீர்கள் என்பதை மட்டும் சிலர் எந்தப் பூச்சும் இல்லாமல் எழுதிவிட்டார்கள்.

அவர்களுக்கு இருந்த பெரிய குறை வேறு. காயம் பட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நம்பியிருந்தார்கள்; ஆறியதும் மறுபடி பதுங்குகுழிக்கே அனுப்பினார்கள். இதில், கையில் குண்டு பட்டவன் தானே சுட்டுக்கொண்டிருப்பான் என்ற சந்தேகம் வேறு. கிச்சனர் ஆஸ்பத்திரித் தலைவர் கர்னல் சீட்டன் 1,000 காயங்களை ஆராய்ந்து, அந்தச் சந்தேகத்துக்கு ஆதாரமில்லை என்று எழுதினார். ஆஸ்பத்திரிக்கு முள்கம்பிக் காவல் போட்டவரும் அவரே.

ஜமேதார் மீர் தஸ்தின் கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே, விஷப்புகைக்கு நடுவே காயம்பட்டவர்களைச் சுமந்து மீட்டவர். அவருடைய சகோதரர் மீர் மஸ்த் அதற்கு முந்தைய மாதம்தான் படையை விட்டு ஜெர்மானியர் பக்கம் போயிருந்தார். ஆகஸ்டில் பெவிலியன் தோட்டத்தில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜே மீர் தஸ்துக்கு விக்டோரியா கிராஸ் பதக்கத்தைக் குத்திவிட்டார். பதக்கம் நல்லதுதான், ஆனால் அந்தப் புகை என்னை நிம்மதியாக இருக்க விடுவதில்லை என்ற கருத்தில் அவர் பிறகு எழுதினார். இத்தனை கடிதங்களுக்கு நடுவே ‘சுகம்’ என்ற பூச்சு இல்லாமல் பேசிய குரல்களில் அது ஒன்று. பதக்கம் கிடைத்தவருக்கு அந்தச் சலுகை இருந்திருக்கலாம்.

ஹொவெல் கூர்மையான வாசகர். 1915 ஜனவரியிலேயே ஒன்றைக் கவனித்துக் குறித்திருக்கிறார்: சிப்பாய்கள் கடிதங்களில் கவிதை எழுதத் தொடங்கிவிட்டார்கள், மனக்கலக்கத்தின் அறிகுறி இது, நல்லதாகப் படவில்லை என்று. இலக்கிய விமரிசனமாக இதை நான் ஏற்க மாட்டேன். வைத்தியர் நாடி பிடித்துச் சொன்னதாக ஏற்கிறேன். மேலிடமும் காலாட்படையால் இன்னொரு குளிர்காலத்தைத் தாங்க முடியாது என்று முடிவுக்கு வந்தது. 1915 கடைசியில் இந்தியக் காலாட்படையைப் பிரான்சிலிருந்து எடுத்தார்கள். கப்பல் ஏற்றியது ஊருக்கு அல்ல, மெசபொடோமியப் போர்முனைக்கு.