இரட்டைச் சுழி

தலைமயிர் வெட்டுவதைப் பற்றித் தமிழ்ச் சங்க மலரொன்றில் எழுதப் புகுவோனைக் கண்டு வாசகர் நகைக்கக்கூடும். கட்டுரை கேட்ட இதழாசிரியரும் நகைக்கத்தான் செய்தார். அவருடையது படிந்த மயிர். என் இடர் அவருக்கு விளங்காது. என் உச்சியில் இரட்டைச் சுழி. இரட்டைச் சுழியுடையவனுக்கு மனைவியர் இருவர் வாய்ப்பர் என்று அப்பாச்சி சொல்லிச் சிரிப்பார். ஒருத்தியைப் பேணுதற்கும் வகையற்று, இருபத்தாறாவது வயதில் மூன்றாம் வருட மாணவனாக இருக்கும் எனக்கு அச்சுழிகளால் வாய்த்தது வேறொரு தொல்லை. கட்டையாக வெட்டினால் உச்சிமயிர் கோரைப்புல்லைப் போல் நட்டமாக நிற்கும்.

உயர்தரப் பரீட்சையில் முதன்முறை தவறி, தந்தையார் நோயுற்றமையாற் கொழும்பில் இரும்புக்கடையொன்றில் மூன்று வருடங்கள் கணக்கெழுதி, மீண்டும் பரீட்சை எழுதிக் கலைப்பீடத்துக்கு வந்தவன் நான். மகாபொலப் பணம் எனக்குப் போதும், வீட்டுக்குப் போதாது. ஆதலால் மாலை ஆறு மணி முதல் நள்ளிரவு வரை யாழ்ப்பாண நகரில் ஒரு தங்குவிடுதியின் வரவேற்பு மேசையில் நிற்கிறேன். மேசைக்குப் பின்னால் நிற்பவனின் தலைதான் விருந்தினர் முதலிற் காணும் விடுதி என்பது எங்கள் முகாமையாளரின் சித்தாந்தம். என் தலையைப் பார்த்து இருமுறை எச்சரித்துவிட்டார். மூன்றாம் எச்சரிக்கைக்குப் பின் வேலை இராது என்பது சொல்லாமலே விளங்கியது. வேலை போனால் படிப்பும் போகும். இது மிகையன்று, கணக்கெழுதியவன் கூட்டிப் பார்த்த கணக்கு.

நான்கு மணிக்கு விரிவுரை முடிந்து ஆறு மணிக்கு வேலை தொடங்கும் ஒருவன் நல்ல சலூனைத் தேடுவது எளிதன்று. ஞாயிறன்று எங்கும் கூட்டம். செவ்வாயும் வெள்ளியும் ஆகாது என்பார் அம்மா. முதலிற் சென்ற கடையிற் சுவரெங்கும் உதைபந்தாட்ட வீரர்களின் படங்கள். அவர்களுள் யாரைப்போல் வேண்டும் என்று கேட்டார்கள். இரண்டாவது கடையில் ஏழு நிமிடத்தில் மெஷினால் இழுத்துவிட்டார்கள். மூன்றாவது கடைக்காரர் என் மயிரைக் கண்டு சினந்து, ஒரு போத்தல் களிம்பை விற்றனுப்பினார். தலைமயிர் மாதமொன்றுக்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றரே வளரும். எனவே ஒருவர் ஏழு நிமிடத்திற் செய்த பிழையை நான் ஒன்றரை மாதம் சுமந்து திரிந்தேன்.

சென்ற மாரியில் ஒருநாள், மழைக்கு ஒதுங்கப்போய் அவருடைய கடையைக் கண்டேன். திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்புறம் ஓர் ஒழுங்கையில், இரண்டு கதிரைகள் மட்டும் கொண்ட சிறிய சலூன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தனியே பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். என்னை இருத்திய பின் மெஷினையோ தண்ணீரையோ அவர் எடுக்கவில்லை. காய்ந்த மயிரினூடே விரல்களைச் செலுத்தி, அது எப்பக்கம் விழுகிறது என்று சிறிது நேரம் பார்த்தார்.

"தம்பி, உங்கடை தலையிலை ரெண்டு சுழி. ஒண்டு வலப்பக்கம் சுத்துது, மற்றது இடப்பக்கம். நடுவிலை நிக்கிற மயிருக்கு எங்கை விழுறதெண்டு தெரியேல்லை. இதுக்கு மெஷின் பிடிக்கக்கூடாது."

ஈரமயிர் பணிந்து கிடந்து ஏமாற்றும் என்றும், இத்தகைய தலையை உலர்ந்தபடியே வெட்டினாற்றான் அதன் குணம் தெரியும் என்றும் விளக்கினார். உச்சியில் நீளம் விட்டார். அதன் பாரத்தாலேயே மயிர் படிந்தது. பக்கங்களைக் கத்தரிக்கோலாற் படிப்படியாகக் குறைத்தார். நாற்பது நிமிடம் சென்றது. பாதியில் நான் உறங்கிவிட்டேன். எழுப்பவில்லை, தலையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறுகையால் வெட்டியிருக்கிறார். அன்று மாலை முகாமையாளர் என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அவரிடமிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்க இயலாது.

அதன்பின் மாதமொரு புதன்கிழமை நாலரை மணி எனக்குரியதாயிற்று. விரிவுரைக் குறிப்புகளை அவர் கடை வாங்கிலிருந்தே படிப்பேன். நித்திரை கொள்ள விடுவார். என்னிடமிருந்து எதையும் எதிர்பாராமல் ஒருவர் என்னைக் கவனித்துப் பார்க்கும் நேரம் வாரம் முழுவதிலும் அதுவொன்றே என்று சிலவேளை தோன்றும்.

ஆறு மாதங்கள் இவ்வாறு கழிந்தன. ஒரு புதனன்று கருத்தரங்கொன்றுக்காக நூலகத்திற் பெற்ற பழைய 'மல்லிகை' இதழ்களின் பிரதிகள் என் மடியில் இருந்தன. டொமினிக் ஜீவா 1966இல் தொடங்கிய சஞ்சிகை அது. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலிருந்த ஜோசப் சலூனில் முடி திருத்தும் தொழிலைச் செய்துகொண்டே அவர் எழுதியதும் இதழ் நடத்தியதும் நாம் பரீட்சைக்குப் படிக்கும் செய்திகள். அவர் 2021 சனவரியில் மறைந்தபோது இரங்கலுரைகள் பல வந்தன. அட்டையைக் கண்ணாடியிற் கண்டவர், "அவர் எங்கடை ஆள், தம்பி" என்றார். குரலில் பெருமிதம் இருந்தது. சற்றுப் பொறுத்து, "தம்பிக்கு எந்த ஊர்?" என்று கேட்டார்.

யாழ்ப்பாணத்தில் இக்கேள்வி ஊரை மட்டும் கேட்பதன்று என்பதை இம்மலரின் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. ஊரைச் சொன்னேன். எந்தப் பக்கம் என்றார். அதையும் சொன்னேன். கத்தரிக்கோல் ஒருகணம் நின்று மீண்டும் ஓடிற்று.

"அங்கை என்ரை மாமா ஒராள் வீடுவீடாய்ப் போய் வெட்டினவர். போன வருசம் மோசம் போட்டார்."

அவரை எனக்குத் தெரியும். என் இரட்டைச் சுழியை முதலிற் கண்டு அப்பாச்சிக்குச் சொன்னவரே அவர்தான். பரியாரி என்றும் சில முதியவர்கள் அவரை அழைப்பர். நாட்டு வைத்தியருக்கும் எங்களூரில் அதே பெயர். கிணற்றடிப் புளியின் கீழ் அப்பப்பா கதிரையில் இருப்பார். அவர் குந்தியிருந்தும் எழுந்தும் வெட்டுவார். தேநீர் கொடுக்கும் கோப்பை மாட்டுக்கொட்டில் வளையில் தனியே தொங்கும். அறுபது வயதுக்கு மேற்பட்ட அம்மனிதரை, ஆறு வயதுப் பிள்ளையாகிய நான் பெயர் சொல்லி, 'வா', 'இரு' என்றுதான் அழைத்தேன். அவர் என்னைச் 'சின்ன நயினார்' என்பார். வீட்டில் ஒருவரும் என்னைத் திருத்தவில்லை.

சாதியின் பேரால் ஒருவரைப் பொதுவிடத்திலிருந்து விலக்குவது குற்றம் என்று சட்டம் இயற்றப்பட்டது 1957இல். அதன் பின்பும் தேநீர்க்கடைகளிலும் சலூன்களிலும் ஒடுக்கப்பட்டோருக்கு இடமில்லாதிருந்ததையும், 1960களின் பிற்பகுதியில் நிகழ்ந்த போராட்டங்களையும், 1968இல் மாவிட்டபுரக் கோவில் வாயிலில் நடந்ததையும் பற்றி நான் ஒப்படை எழுதி நல்ல புள்ளி பெற்றிருக்கிறேன். அந்த ஒப்படையிற் கிணற்றடிப் புளி இல்லை.

"தெரியும், எனக்கும் வெட்டினவர்" என்று மட்டும் சொன்னேன். "நல்ல கை" என்றார் அவர். "நல்ல கை" என்றேன் நானும்.

அன்றிரவு விடுதி மேசையில் நின்றபோது வேறொன்று புலப்பட்டது. சிற்றுண்டிச்சாலைக்காரர் எனக்கு அண்ணை. பஸ் நடத்துநர் அண்ணை. விடுதிக் காவலாளியும் அண்ணை. ஆறு மாதங்களாக என் தலையைத் தாங்கிப் பிடித்த இம்மனிதரை நான் எம்முறை சொல்லியும் அழைத்ததில்லை. "இஞ்சை பாருங்கோ" என்பேன். அல்லது தொண்டையைச் செருமுவேன். மரியாதை குறைந்த சொல்லெதுவும் சொன்னதில்லை என்று என்னை நானே தேற்றிக்கொள்ளலாம். சொல்லே இல்லாமல் ஆறு மாதத்தை ஓட்டுவதற்கு எவ்வளவு சாமர்த்தியம் வேண்டும் என்று எண்ணியபோது அத்தேறுதல் நிலைக்கவில்லை. அதை நான் கற்றது பல்கலைக்கழகத்திலும் அன்று, இரும்புக்கடையிலும் அன்று.

அடுத்த புதனுக்கு முன் கடையை மாற்றிவிடலாமா என்றும் எண்ணினேன். இதனை எழுத வெட்கமாயிருக்கிறது. ஆயினும் எண்ணியது உண்மை.

மாற்றவில்லை. நாலரைக்குப் போனேன். வேறொருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். வாங்கில் இருந்தேன், குறிப்புகளைப் பிரிக்கவில்லை. என் முறை வந்தது. போர்வையைக் கழுத்திற் சுற்றிக் கட்டினார்.

"அண்ணை" என்றேன்.

"சொல்லுங்கோ, தம்பி" என்றார் கண்ணாடியில் என்னைப் பார்த்து.

சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. உச்சியிற் கொஞ்சம் நீளமாக விடும்படி கேட்டேன். அவர் எப்போதும் அப்படித்தான் விடுபவர்.