ஆனியா, ஆடியா?

நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் அந்தச் செண்டுமல்லித் தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது காலை ஆறரை மணி. 2025 ஆயுத பூஜைக்கு இன்னும் நாலே நாள். பனி உலரட்டும் என்று பெண்கள் வரப்பில் காத்திருந்தார்கள். ஈரப் பூவைச் சாக்கில் அடைத்தால் சூடேறி மண்டிக்குப் போவதற்குள் கறுத்துவிடுமாம்.

வெயில் தட்டியதும் இறங்கினார்கள். "இழுக்காதீங்க தம்பி, கிளை ஒடிஞ்சுரும்" என்று ஓர் அக்கா எனக்குச் செய்து காட்டினார். பூவுக்கு அடியில் இருக்கும் பச்சைக் கிண்ணத்தை இரு விரலால் தாங்கி, கட்டைவிரல் நகத்தைக் காம்பில் வைத்து ஓர் அழுத்து. பக்கத்து மொக்கு அசையவே இல்லை. நகக்கண்ணெல்லாம் பச்சைக் கறை. அந்தக் கார வாசனை சோப்புப் போட்டாலும் போகாதென்றார்.

தோட்டக்காரருக்கு இது மூன்றாவது எடுப்பு. நாற்றுக்கு இருபத்தைந்து நாள், நட்டு முதல் பூவுக்கு ஐம்பது நாள், பூ கொட்டத் தொடங்க மேலும் பத்து நாள். பூஜையிலிருந்து பின்னோக்கி எண்ணி ஆனி 20-இல் விதை போட்டிருக்கிறார். ஆனால் பூஜை ஒரே தேதியில் நிற்பதில்லை. 2023-இல் அக்டோபர் 23, 2024-இல் 11, 2025-இல் 1. 2023-இல் ஆடியில் விதைத்தவர் 2025-இல் ஆனிக்கு வந்துவிட்டார். 2024-இல் நாற்று வந்து சேரப் பத்து நாள் தாமதம். பூஜை முடிந்த மறுநாள் வயல் முழுக்கப் பூ, கேட்க ஆளில்லை. "எடுப்புக் கூலிக்கே கட்டல சார். அப்படியே மாட்டுக்கு விட்டேன்." அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

செடிக்குப் பூஜை தெரியாது. அது பகலின் நீளத்தைப் பார்க்கிறது. இந்தப் பக்கம் ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். செண்டுமல்லிக்கு அதுவே போதும். பகல் நீண்டிருக்கும்போது உடம்பை வளர்க்கும்; குறையத் தொடங்கினால் மொக்குக்கு அவசரப்படும். அதன் தாய்நாடான மெக்சிகோவில் நவம்பர் தொடக்கத்தில் இறந்தோரை நினைக்கும் நாளுக்கு இதே பூவைத்தான் குவிக்கிறார்கள். இப்போதைய வீரிய ஒட்டு ரகங்கள் பகல் நீளத்தை முன்போல அவ்வளவு பார்ப்பதில்லை. ஆனாலும் ஆனி, ஆடி விதைப்பில் செடி இடுப்புயரம் வந்து கிளைத்த பிறகே பூக்கிறது. மாசி விதைப்பு கோடையில் மாட்டும்: பூ சிறுத்துவிடும், சிலந்திப்பேனும் ஏறும்.

விதைத்த நாளுக்கு அடுத்து என் கணக்கில் பெரிய வேலை நுனி கிள்ளுவதுதான். நட்ட ஒரு மாதத்துக்குள் கொழுந்தைக் கிள்ளினால் முதல் பூ சில நாள் பிந்தும். பக்கக் கிளைகள் வெடித்துப் பூ கூடும். நேரமில்லையென்று கிள்ளாமல் விட்ட ஓரத்துப் பார் ஒற்றைத் தண்டாக ஒல்லியாக நின்றது. கிள்ளியவை குடைபோல விரிந்திருந்தன.

கொட்டகை நிழலில் கார்த்திகைக்கான நாற்றுகள் குழித்தட்டில் தயாராக நின்றன. புரட்டாசிப் பகலில் வளர்வதால் சாணுயரத்திலேயே மொக்கு வைத்துவிடும், அதற்கு முன்பே நுனியைக் கிள்ள வேண்டும் என்றார் தோட்டக்காரர்.

"அதான் இதுல கை வைக்கிறது இந்த அக்கா மட்டும். நான் கிள்ளினா ரெண்டு இலையும் சேர்ந்து போயிரும்."

அக்கா சிரித்துக்கொண்டே மடியிலிருந்த பூவைச் சாக்கில் கொட்டிவிட்டு, அடுத்த பாருக்குப் போனார்.