எதிர்க்காற்றில் நடந்தேன்

"நாற்பத்து நாலு வயசுல பட்டம் விடப் போறியா?" என்று என் மாமியார் சிரித்தார். பட்டம்தான், ஆனால் நம்மையே இழுத்துக்கொண்டு போகும் பட்டம்! கோடையில் மகளுக்குத் துணையாக ராமேஸ்வரம் போனவள், நானும் கைட் சர்ஃபிங் கற்றுக்கொள்ளச் சேர்ந்துவிட்டேன்.

அப்போது அங்கே தென்மேற்குக் காற்று விடாமல் வீசும். பழகியவர்கள் பலகையின் ஓரத்தைத் தண்ணீரில் அழுத்தி, காற்றை எதிர்த்துச் சாய்வாக ஏறி, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுகிறார்கள். புதியவர்களுக்கு அது லேசில் வராது. காற்று கொண்டுபோய் விட்ட இடத்தில் கரையேறி, பட்டத்தையும் பலகையையும் தூக்கிக்கொண்டு நடந்தே திரும்ப வேண்டும். கண்ணெல்லாம் மணல். கிளிஞ்சல் வேறு காலைக் கிழிக்கும். ரப்பர் ஷூ இல்லாமல் இறங்காதீர்கள்.

மூன்றாவது நடையில் தலை சுற்றியது. மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏம்மா, காலையிலேர்ந்து தண்ணி குடிச்சியா?" என்றாள் மகள்.

குடிக்கவில்லை. காரணம் உங்களுக்குத் தெரியாததா? கழிப்பிடம் எங்கே என்று கேட்கக் கூச்சம். பஸ் பயணம், கல்யாண வீடு என்று எத்தனை வருஷமாக இப்படியே வாயைக் கட்டியிருக்கிறேன்! நீர்க்கடுப்பு வந்து அவதிப்பட்டதும் உண்டு.

மகள் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுத்தாள். பயிற்சி கொடுக்கும் தம்பியிடம் அவளே போய்க் கேட்டாள். பக்கத்து மீனவர் தெருவில் ஒரு பெண், "இதுக்கா இம்புட்டுத் தயக்கம்? உள்ள வாங்கக்கா" என்று அழைத்துப் போனாள்.

மறுநாள் இரண்டு லிட்டர் தண்ணீரோடு போனேன். அன்றும் நாலு தடவை நடந்தேன்.