முப்பத்தாறாவது கூடம்

மலிவுச் செலவில் எடுத்த குங்ஃபூ படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். ஈரானியப் படம் பார்த்தேன் என்று சொல்ல ஒரு முகம், ராத்திரி ஒரு மணிவரை பழைய ஜாக்கி சான் படம் பார்த்தேன் என்று சொல்ல வேறொரு முகம். ஒட்டுத்தாடி பிய்ந்து தெரிகிறது, கதையில் பாதியைக் காணோம், எல்லாப் படத்தையும் ஒரே மலையடிவாரத்தில் எடுத்திருக்கிறான் என்பார்கள். அத்தனையும் உண்மை. இருந்தும் சின்ன வயதிலிருந்து நான் அவற்றை விடவில்லை. ஏன் விடவில்லை என்பது தண்டலத்துக்குக் குடிவந்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கிறது தண்டலம். அடுத்து இருங்காட்டுக்கோட்டை சிப்காட். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து தெற்கே இறங்கினால் ஒரகடம். 1998-ல் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளியே வந்தது. 2010-ல் ரெனோ–நிசான், 2012-ல் டைம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று ஒரகடமும் நிறைந்தது. பெரிய கம்பெனிகளின் பெயர் எல்லாருக்கும் தெரியும். அவற்றுக்குப் பாகம் செய்து கொடுக்கும் பிரஸ் ஷாப்புகளிலும் ஃபவுண்டரிகளிலும்தான் என்னைப் போன்றவர்களின் பிழைப்பு. நான் டூல் ரூமில் இருக்கிறேன். டை தேய்ந்தால் எங்களிடம் வரும்.

ஃபிட்டர் டிரேடில் சேருகிற பையன் கையில் முதலில் கொடுப்பது அரம். ஓர் இரும்புத் துண்டை வைஸில் பிடித்துச் சதுரமாக ராவச் சொல்வார்கள். ராவி முடித்து ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிக்க வேண்டும். இடையில் கீற்றளவு வெளிச்சம் தெரிந்தாலும் மறுபடி ராவ வேண்டும். உள்ளங்கை கொப்பளிக்கும், தோள் இறங்கிப்போகும். இயந்திரம் ஒரு நிமிஷத்தில் முடிக்கிற வேலையை இவன் ஏன் வாரக்கணக்கில் செய்ய வேண்டும் என்று கேட்டால் எந்த மேஸ்திரியும் பதில் சொல்ல மாட்டார். சொல்லிப் புரிகிற பதிலும் அதற்கு இல்லை.

1978-ல் ஹாங்காங்கின் ஷா சகோதரர்கள் நிறுவனத்துக்காக லாவ் கர்-லியுங் எடுத்த 'தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்' படத்தின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பழிவாங்கும் வெறியோடு மடத்துக்குள் வருகிறான் இளைஞன் சான் தே. அவசரக்காரன். முப்பத்தைந்து கூடங்களில் எடுத்த எடுப்பில் உச்சிக் கூடத்துக்குப் போகிறான், அங்கிருந்து தூக்கி எறியப்படுகிறான். பிறகு கடைசிக் கூடத்திலிருந்து தொடங்குகிறான். தண்ணீரில் மிதக்கும் கட்டின் மேல் கால் வைத்துத் தாண்டினால்தான் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைய முடியும். வாளிகளைக் கை நீட்டித் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். கை தாழ்ந்தால் விலாவில் குத்தும்படி புஜத்தில் கத்திகளைக் கட்டியிருக்கிறார்கள். படத்தின் பெரும்பகுதி இந்தப் பயிற்சிதான். வில்லனை அடிப்பது அவசரமாக முடிந்துவிடுகிறது. யாரை எதற்காக அடித்தான் என்பது எனக்கு மறந்துகூடப் போயிற்று, வாளி மறக்கவில்லை. ஒருவனுக்கு ஒரு வேலை கைவருவதை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய படங்கள் எந்த மொழியிலும் அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

லாவ் கர்-லியுங்குக்கு அது கற்பனையும் அல்ல. அவருடைய அப்பா லாவ் சாம், லாம் சாய்-விங்கின் மாணவர். லாம் சாய்-விங், வோங் ஃபே-ஹுங்கின் மாணவர். பரம்பரையாக வந்த கையை அவர் கேமரா முன்னால் வைத்தார்.

இந்தப் படங்களை இவ்வளவு குறைந்த செலவில் எடுக்க முடிந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. ஹாங்காங்கில் பீக்கிங் நாடகப் பள்ளிகள் சின்னப் பையன்களை ஒப்பந்தம் போட்டு எடுத்துக்கொண்டு, விடிகாலையிலிருந்து கரணம் போடவும் தலைகீழாக நிற்கவும் பழக்கின. யூ ஜிம்-யூன் நடத்திய பள்ளியில் ஜாக்கி சான், சாம்மோ ஹுங், யூன் பியாவ் மூவரும் அப்படி வளர்ந்தார்கள். அவர்கள் தேறி வெளியே வந்த காலத்தில் அந்த நாடகத்தைப் பார்க்க ஆள் குறைந்துவிட்டது. பத்து வருஷம் உடம்பை வளைத்துப் படித்த கலைக்குச் சந்தை இல்லை. பக்கத்தில் சினிமா இருந்தது, சொற்பக் கூலிக்கு மாடியிலிருந்து குதிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தது. 1973-ல் வந்த 'என்டர் தி டிராகன்' படத்தில் புரூஸ் லீயிடம் அடிவாங்கும் கூட்டத்தில் ஜாக்கியும் ஒருவர். அரங்கம், உடை, கேமரா என்று படத்தில் எல்லாமே மலிவாக இருக்கலாம். அந்த உடம்புகளுக்குள் இருந்த பத்து வருஷம் மலிவானதல்ல. திருவண்ணாமலை, செய்யாறு பக்கத்துக் கூத்துக் குடும்பத்துப் பையன்கள் இங்கே கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது எனக்கு அந்தப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வரும்.

எல்லாவற்றையும் நான் தாங்கிப் பேச மாட்டேன். எண்பதுகளில் காட்ஃப்ரே ஹோ என்ற இயக்குநரும் ஜோசஃப் லாய் என்ற தயாரிப்பாளரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கொரியாவிலோ தாய்லாந்திலோ விலை போகாத படத்தை வாங்குவது, ரிச்சர்டு ஹாரிசன் என்ற அமெரிக்க நடிகருக்கு நிஞ்ஜா உடை மாட்டிச் சில காட்சிகள் எடுப்பது, இரண்டையும் வெட்டி ஒட்டிப் புதுப் படம் என்று விற்பது. 'நிஞ்ஜா டெர்மினேட்டர்' அப்படிப் பிறந்ததுதான். அதில் ஹாரிசன் கார்ஃபீல்டு பூனை வடிவத் தொலைபேசியில் பேசுவார், மறுமுனையில் இருப்பவன் வேறொரு நாட்டுப் படத்துக்குள் இருப்பான். அவர் ஒப்புக்கொண்டது சில படங்களுக்கு, அவர் முகம் வந்ததோ அதைவிடப் பல மடங்குப் படங்களில். சிரித்துக்கொண்டே பார்க்கிறோம். ஆனால் அது உழைத்தவனை ஏமாற்றிய வியாபாரம், அந்தக் கொரிய நடிகர்கள் பலரின் பெயர்கூடப் போஸ்டரில் வராமல் போயிற்று. அந்தப் படங்களிலும் என் கண் அந்தப் பெயரற்றவர்களின் கால்வீச்சில்தான் நிற்கிறது.

எங்கள் ஊரில் இவை டெக்கில் வந்தன. திருவிழா ராத்திரியில் வாடகைக்கு டிவியும் டெக்கும் எடுத்து மூன்று படம் போடுவார்கள். முதலில் பக்திப் படம், அடுத்து ரஜினியோ விஜயகாந்தோ, பெண்களெல்லாம் எழுந்து போனபின் கடைசியாகக் கராத்தே படம். வசனம் ஒன்றும் புரியாது. புரியவில்லை என்று யாரும் எழுந்து போனதும் இல்லை. உள்ளபடிக்கு அந்தக் காலத்து ஹாங்காங் படங்களைப் பெரும்பாலும் ஊமையாகவே எடுத்தார்கள், சொந்த மொழிக்கும் பிறகுதான் குரல் கொடுத்தார்கள். ஆகையால் பிற்பாடு தமிழ் டப்பிங்கில் பார்த்தபோது எனக்குக் குறையாக எதுவும் படவில்லை.

விஜயகாந்த் சுவரில் கால் ஊன்றித் திரும்பி உதைக்கும்போது கூட்டம் எழுந்து நின்றது கராத்தே படம் பார்த்த அந்தப் பழக்கத்தில்தான். ரஜினிக்கும் அந்தப் பாடம் கிடைத்திருந்தது. 1983 பொங்கலுக்கு ஏவி.எம். வெளியிட்ட 'பாயும் புலி', எஸ்.பி. முத்துராமன் இயக்கியது, 36 கூடங்களின் கதையைத் தழுவியது. சண்டை அமைத்தவர் ஜூடோ ரத்னம், குடியாத்தத்துக்காரர். ஷாவோலின் மடத்தின் பயிற்சி இப்படி ரஜினி வழியாக எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது. படம் பார்த்த மறுநாள் காலையில் பையன்கள் இரண்டு குடத்தில் தண்ணீர் நிரப்பிக் கையை நீட்டிக்கொண்டு நின்றோம்.

'7ஆம் அறிவு' 2011-ல் வந்த பிறகு இந்தப் பேச்சு போதிதர்மரில் போய் முடிகிறது. அவர் ஊரான காஞ்சிபுரம் பக்கத்தில்தானே, குங்ஃபூவே நம்முடையதுதான் என்பார்கள். பழைய சீனக் குறிப்புகளில் ஒன்று அவரைத் தென்னிந்தியர் என்கிறது, இன்னொன்று பாரசீகர் என்கிறது. ஷாவோலின் பயிற்சிகளை அவர் பெயரோடு சேர்க்கும் நூலோ 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பிறத்தியார் செய்த நல்ல வேலையை ரசிக்க அது நம் தாத்தாவின் சொத்தாக இருந்தாக வேண்டுமா? எனக்கு வேண்டியதில்லை.

தண்டலத்தில் நான் இருக்கும் வரிசை வீட்டில் அடுத்த அறை ஒடிசாப் பையன்களுடையது. ஃபவுண்டரி வேலை. ஆள் மாற்றி ஆள் தூங்குவதால் பாய் சூடு ஆறாத அறை அது. அவர்களில் ஒருவனுக்குத் தமிழில் 'அண்ணா' என்ற சொல்லோடு இன்னும் நாலைந்து சொற்கள்தான் அப்போது தெரியும். ஒரு வாரலீவில் டோனி ஜாவின் 'டாம் யம் கூங்' படத்தை என் போனில் போட்டேன். 2005-ல் வந்த தாய்லாந்துப் படம். அதில் ஓர் உணவுவிடுதியின் சுற்றுப்படிகளில் கீழிருந்து உச்சிவரை நாலு நிமிஷம் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் சண்டை போகும். கம்பி கட்டித் தூக்குவதில்லை, கம்ப்யூட்டர் வேலையும் இல்லை என்று தன் முந்தைய படமான 'ஓங்-பாக்' காலத்திலிருந்தே பெயர் வாங்கியவர் ஜா. அந்தப் பையன் மூச்சுவிடாமல் பார்த்தான். முடிந்ததும், "அண்ணா, பின்னாடி" என்று விரலைத் திருப்பிக் காட்டினான். மறுபடி போட்டேன். இந்த முறை அவன் டோனி ஜாவைப் பார்க்கவில்லை. மாடியிலிருந்து கீழே விழுகிறவனைத் தொட்டுக் காட்டி, தன் முதுகைத் தட்டி, "வலி" என்றான். உருக்கிய இரும்பின் பக்கத்தில் நிற்கிறவனுக்கு அது முதலில் கண்ணில் பட்டுவிட்டது.

அன்றிலிருந்து நானும் விழுகிறவர்களைப் பார்க்கிறேன். ஜாக்கி படங்களின் முடிவில் தவறிப்போன ஷாட்டுகளைக் காட்டுவார்கள். 'போலீஸ் ஸ்டோரி'யில் கம்பத்தைப் பிடித்து இறங்கியதில் உள்ளங்கை வெந்தது, 'ஆர்மர் ஆஃப் காட்' படப்பிடிப்பில் மரத்திலிருந்து விழுந்து மண்டை உடைந்தது. அவை நாயகனின் காயங்கள், உலகத்துக்கே தெரியும். அவரிடம் உதை வாங்கிக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு போனவனின் காயத்தை எழுதி வைத்தவர் இல்லை. நம் ஊரில் 1,200 படங்களுக்குமேல் சண்டை அமைத்துக் கின்னஸில் இடம்பெற்ற ஜூடோ ரத்னம் 2023 ஜனவரியில் மறைந்தார். தேசிய விருதில் சண்டை அமைப்புக்கென்று ஓர் இடமே 2017-ல்தான் வந்தது, 'புலிமுருகன்' படத்துக்காகப் பீட்டர் ஹெயின் அதை வாங்கினார். ஆஸ்காரிலும் 2027-ல் வெளியாகும் படங்களிலிருந்து சண்டைக் கலைக்கு விருது உண்டு என்று அறிவித்திருக்கிறார்கள். பக்கத்து அறைப் பையனிடம் சொன்னேன். யாருக்குக் கொடுப்பார்கள், விழுகிறவனுக்கா என்று கேட்டான். அமைக்கிறவருக்கு என்றேன். அவனுக்கு அது சரியாகப் படவில்லை, எனக்கும் படவில்லை. அடுத்த வாரலீவுக்கு 36ஆம் கூடத்தைப் போடலாம் என்றிருக்கிறேன். சான் தே கடைசியில் கேட்பது வெளியில் இருக்கும் சாதாரண ஜனங்களுக்கு ஒரு கூடம். அதுதான் முப்பத்தாறாவது.